முழுப் பூசணிக்காய்

முழுப் பூசணிக்காயைப் பிள்ளைத்தாய்ச்சி வெட்டக்கூடாது என்பது இந்த ஊரிலும் வழக்கம்தானே என்று செண்பகவல்லி நினைத்தாள். திருநெல்வேலியிலிருந்து ஆரணிக்கு வாழ வந்தவள் அவள். இன்று நாத்தனார் எழிலரசிக்கு வளைகாப்பு. காய் கண்ணில்கூடப் படக்கூடாதென்று மகளைக் கூடத்துக்கு விரட்டிய மாமியார், நான்கு மாதக் கர்ப்பிணியான மருமகளின் முன்னால் அரிவாளை வைத்தாள்.

"ஆம்பளைங்கல்லாம் பந்தல்ல இருக்காங்க. நீயே ரெண்டா போடு."

"நானும் உண்டாயிருக்கேன் அத்தை."

"தெக்கத்திக்காரிக்கு அதெல்லாம் இன்னா பண்ணும்? உங்க ஊர்ல ஆளையே வெட்டுவாங்களாமே!"

தேங்காய் துருவிக்கொண்டிருந்த சின்ன மாமியார் தலை நிமிராமல் சொன்னாள். "பொறக்கப்போறதே கையில அரிவாளோடதான் பொறக்கும் பாரு."

சமையலறையே சிரித்தது. காபிக்காக வந்து வாசற்படியில் நின்ற அவள் கணவனும் சிரித்தான்.

செண்பகவல்லி குனிந்து அரிவாளை எடுத்தாள். சிரிப்பு சட்டென்று அடங்கியது. சின்ன மாமியார் துருவலை விட்டுவிட்டுச் சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்தபோது, இத்தனை நாளும் இவர்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. பிடி கணவன் பக்கம் இருக்குமாறு அரிவாளைத் திருப்பி அவனிடம் நீட்டினாள்.

"நான் வெட்ட மாட்டேன்" என்றாள்.