மாமனார் மீசை

துணி உலர்த்தும் சாக்கில் ஜன்னலோரம் நிற்கிறேன். மாலை வெயில் எதிர்வீட்டு மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. கோப்பையில் படம் போட்டுத் தரும் அச்சுக்கடைத் தம்பதி, நாளை திறக்கப்போகும் ஆன்லைன் கடைக்கு ஒத்திகை பார்க்கிறார்கள். வாடிக்கையாளராக வேடமேற்ற மனைவி, காய்கறிக் கூடைக்குள் இரண்டு காபிக் கோப்பைகளை வைக்கிறாள். கணவர் கணினியில் தட்டுகிறார். “கோப்பை, ரெண்டு. பட்டியல்ல ஒரே வரி, முடிஞ்சுது.” “எங்க முடிஞ்சுது? ஒண்ணுல புருஷன் படம், இன்னொண்ணுல மாமனார் படம் கேட்டா?” “அதெல்லாம் நான் பார்த்துக்குவேன்.” “போன வாரம் பார்த்தீங்களே! புதுப்பொண்ணு கேட்ட ரெண்டு கோப்பையிலயும் மாமனார் மீசை. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா, கடைப்பக்கம் ஈ, காக்கா வராது.” திரும்பி வந்த இரண்டு மீசைகளும் அலமாரியிலிருந்து அவரையே பார்க்கின்றன. தெருவில் யாருக்கும் தெரியாதென்று நினைத்திருக்கிறார், பாவம். மெதுவாக அந்த வரியை அழித்து இரண்டு வரிகள் போடுகிறார். திரையில் ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு முகம் வந்து உட்காருகிறது. மனைவி சிரிக்காமல், அலமாரிக் கோப்பை ஒன்றிலேயே தேநீர் ஊற்றி நீட்டுகிறாள். மீசை கண்ணில் படாதபடி ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு குடிக்கிறார் மனிதர். இப்போது மாமனார் என்னை முறைக்கிறார். நான் துணியை உதறுகிறேன்.