பூத்தாழிக்குள் ஒருத்தி

கொரியாவின் கியோங்ஜு அருங்காட்சியகத்தின் புதிய கருவி, இறந்தவரின் சாம்பல் வைத்த பழங்காலத் தாழியைத் திறக்காமலே, உள்ளே இருப்பவரின் இன்றைய வாரிசைக் கண்டுபிடித்துவிட்டது. அவர் பேருந்து ஓட்டுநர் கிதே. தாழியைப் பெற்றுக்கொள்ள வந்த கிதே ஆவலோடு கேட்டார்:

"இவங்க யாரு?"

"பத்தொன்பது வயசுப் பொண்ணு. குழந்தை பெத்த கையோட காய்ச்சல்ல இறந்துட்டாங்க. அந்தக் குழந்தையோட வம்சம்தான் நீங்க," என்றார் ஆய்வாளர் சோரா.

கிதே தாழியோடு புத்தர் கோயிலுக்குப் போனார். சடங்கைத் தொடங்கிய பிக்கு, "இறந்தவங்க பேரு?" என்று கேட்டார்.

"மெஷின் என்னென்னமோ சொல்லிச்சு. பேரு மட்டும் தெரியலை, சாமி."

"அப்ப உறவுமுறை சொல்லிக் கூப்பிடுங்க."

கிதேவுக்கு ஐம்பத்தாறு வயது. மூதாதைதான், ஆனால் பத்தொன்பது வயதுப் பெண்ணை எப்படிப் பாட்டி என்பது? பூ முத்திரை பதித்த மண்மூடியை மெல்லத் தடவினார்.

"மகளே," என்றார்.