இடது கன்னம்

"முப்பத்தெட்டு வயசுல முகத்தை மாத்தி யாரை மயக்கப் போற?"

அக்கா இதை பஸ்ஸில் ஒரு தடவை கேட்டாள். லிஃப்ட்டில் ஒரு தடவை கேட்டாள். லேசர் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மறுபடியும் கேட்டாள். தங்கை லேசர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கைக்கு முகத்தில் பிறவி மச்சம். இடது கண்ணுக்குக் கீழே ஆரம்பித்து தாடை வரைக்கும், சிவப்பு மையைக் கொட்டிவிட்டுத் துடைக்க மறந்த மாதிரி இருக்கும். கல்யாணப் பேச்சு வந்த காலத்தில், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒருவர்கூடச் சொல்லி அனுப்பவில்லை.

கடைசியில் வந்தவர்தான் இப்போதைய மாப்பிள்ளை. "மச்சம் முகத்துலதானே இருக்கு, குணத்துல இல்லையே" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே வீட்டில் அத்தனை பேரும் இன்றுவரை அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். அக்காவுக்குத் தன் கணவனைக் குத்திக்காட்ட வேண்டுமென்றால் அந்த மாப்பிள்ளைதான் உதாரணம். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். தண்ணீர் வேண்டுமென்றால்கூட, 'சிரமம் இல்லேன்னா' என்று சேர்த்துத்தான் கேட்பார்.

இந்த லேசர் வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். தங்கை கேட்கவில்லை. முந்தாநாள் அக்காவுக்கே போன் பண்ணிவிட்டார்.

"நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கக்கா. எனக்கு அவ இப்படியே இருந்தாப் போதும்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. துணைக்கு வருகிறேன் என்று அவள் கிளம்பியதே, எப்படியாவது தங்கையைத் திருப்பி அழைத்துக்கொண்டு போகத்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள். கட்டிலின் தலைமாட்டில் வளைந்த தெருவிளக்கு மாதிரி ஒரு இரும்புக் கை நின்றது. அதுதான் ரோபோ என்றார் டாக்டர். சின்ன வயசுப் பெண். முதலில் அது முகத்தைப் படம் எடுக்கும், மச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் லேசரை வைக்கும், தலை துளி அசைந்தாலும் நின்றுவிடும் என்று அக்காவுக்கு விளக்கினார். ஒவ்வொரு அடியும் ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி சுரீரென்று இருக்குமாம்.

"போன தடவை காதோரம் கொஞ்சம் வச்சுப் பார்த்தோம். மத்தவங்களா இருந்தா தலையை இழுத்துப்பாங்க, ரோபோ நின்னு நின்னு போகும். உங்க தங்கச்சி அசையவே இல்லை."

"அவ சின்னதுலேருந்தே அழுத்தக்காரி" என்றாள் அக்கா. அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

தங்கை படுத்துக்கொண்டாள். இரும்புக் கை மெல்ல இறங்கி, கன்னத்துக்கு மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டு அப்படியே நின்றது. பிறகு தானாகவே பின்வாங்கியது.

மெஷின் ரிப்பேர் போலிருக்கிறது, நல்ல சகுனம்தான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் திரையைப் பார்த்தார். மச்சம் முழுவதும் சிவப்பாகத் தெரிய, கன்ன எலும்புக்குக் கீழே மட்டும் ஓர் இடம் நீலமாக இருந்தது.

"இந்த இடம் மச்சம் இல்லைன்னு சொல்லுது. தோலுக்கு அடியில ரத்தம் கட்டியிருக்கு. வெறும் கண்ணுக்கு எனக்குமே தெரியலை. ஏதாவது அடி பட்டுதா?"

தங்கைக்கு முன்னால் அக்கா முந்திக்கொண்டாள். "கதவுல இடிச்சுக்கிட்டிருப்பா டாக்டர். பராக்கு பார்த்துக்கிட்டே நடக்கிறவ."

டாக்டர் போன தடவை எடுத்த படத்தைத் திரையில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். அதிலும், அன்றைக்குக் கவனிக்காமல் விட்ட ஒரு நீலம் இருந்தது. இந்த இடம் இல்லை. தாடையருகே.

அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள். சிறு வயதிலிருந்து பார்த்த அதே மச்சம்தான். வேறு எதுவும் தெரியவில்லை. விரலால் லேசாகத் தொட்டாள். லேசருக்கு அசையாதவள் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பதுபோல உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளையா?" அக்கா தங்கையிடம் கேட்டாள்.

"எப்பவும் இந்தப் பக்கம்தான்க்கா. வலது கன்னத்துல ஒரு கீறல்கூட விழுந்ததில்லை."

அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு வழக்கம்போலக் குற்றச்சாட்டாகவே வந்தது.

"கல்லுளிமங்கி. கூடப் பிறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"சொன்னேனே. ரெண்டு தடவை வந்து சொன்னேன்."

"எப்ப?"

"வெளிச்சத்துல நிக்கவச்சு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தியே. ஒண்ணுமே இல்லை, அந்த நல்ல மனுஷன் மேல பழி போடாதேன்னு சொல்லி, நீயே கொண்டுபோய் விட்டுட்டு வந்த."

தங்கை கண்ணை மூடிக்கொண்டு, இடது கன்னத்தை இரும்புக் கைக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.

"நீங்க ஆரம்பிங்க டாக்டர். அந்த நீலத்தை விட்டுட்டு மத்ததை எடுத்துடுங்க. அடுத்த தடவை இவ பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியணும்."