கடைசி இரண்டு வார்த்தை

பேராசிரியர் காலமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவருடைய வீட்டு மேசை இழுப்பறையில், துண்டு துண்டாக ஒட்டி நீளமாக்கிய காகிதச் சுருள் ஒன்று கிடைத்ததும் துறைத் தலைவர் துள்ளிக் குதிக்காத குறைதான்.

“அம்மா, இது பொக்கிஷம்! நானூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலீஷ் நாடகத்துல நடிகருக்கு முழு நாடகத்தையும் தரமாட்டாங்க. அவர் வசனம், அதுக்கு முன்னால எதிர்ல நிக்கிறவர் பேசி முடிக்கிற ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான். சார் ஆயுசு முழுக்க ஆராய்ஞ்சது இதைத்தானே! அதே பாணியில சொந்தமா ஒரு நாடகமே எழுதியிருக்கார். நினைவு மலர்ல போட்டுடலாம்.”

“படிங்க தம்பி” என்றாள் பேராசிரியரின் மனைவி.

“‘...காபி ஆறுது.’ ‘நீ குடிச்சியா?’ அடுத்து, ‘...மழை வருது.’ ‘ஜன்னலைச் சாத்து, உனக்குச் சளி பிடிக்கும்.’ அப்புறம், ‘...யாருன்னு தெரியுதா?’ ‘உன்னைத் தெரியாமலா, அசடே!’ ஏம்மா, கதாநாயகிக்குப் பேரே வைக்கலையே?”

“பேரு அவருக்கு மறந்துபோச்சு.”

துறைத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

“கடைசி ரெண்டு வருஷம் அவருக்கு என்னையே யாருன்னு தெரியலை. அது தெரிஞ்சா நான் தாங்கமாட்டேன்னு, நினைவு கொஞ்சம் மிச்சமிருந்தப்பவே எழுதி வச்சுக்கிட்டார். சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துப் பார்த்துதான் பேசுவார்.”

“உங்களுக்கு இது எப்பம்மா தெரிஞ்சது?”

அவள் சுருளை வாங்கி மெல்லச் சுற்றினாள்.

“சட்டை துவைக்கிறவ நான்தானே தம்பி? முதல் வாரமே படிச்சுட்டேன். அதுக்கப்புறம் ஒருநாள்கூட அந்த ரெண்டு வார்த்தையை நான் மாத்திப் பேசினதில்லை.”