இருபது வருட உத்தரவாதம்

“இந்த ஒரு குளிர்காலம் தாண்டினா போதும். அதுக்கு மேல எதுக்கு?” என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் ஆர்விட். எண்பத்திரண்டு வயது. வீட்டுக்குள்ளேயே கனத்த கோட்டும் கம்பளித் தொப்பியுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். பேசும்போது வாயிலிருந்து ஆவி பறந்தது.

வெளியே மினசோட்டாவின் ஜனவரி. பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே. முப்பத்தோரு வருடமாக நிலவறையிலிருந்து வீடு முழுக்கச் சூடு அனுப்பிக்கொண்டிருந்த கேஸ் ஃபர்னஸின் வயிற்றில் விரிசல். விஷ வாயு மேலே ஏறிவிடும் என்று, மெக்கானிக் கர்ட்டிஸ் வந்ததுமே அதை அணைத்துச் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டான். கோடைக்கான ஏசிக்கும் அதே வயது. அது இன்றோ நாளையோ என்றிருந்தது.

கர்ட்டிஸ் இரண்டு வழி சொன்னான். கிடங்கில் கிடக்கும் பழைய உதிரி ஒன்றை மாட்டினால் சாயங்காலத்துக்குள் சூடு வந்துவிடும். ஆனால் ஒரு பருவம் ஓடினாலே பெரிது. இல்லையென்றால் ஃபர்னஸ், ஏசி இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் சேர்த்துப் புதிதாகவே போட்டுவிடலாம். இருபது வருட உத்தரவாதம் உண்டு. வேலை முடிய மூன்று நாளாகும்.

“இருபது வருஷமா? அந்த உத்தரவாதச் சீட்டை என் சவப்பெட்டிக்குள்ள வெச்சு அனுப்பப் போறியா?” என்று மகளைக் கேட்டார் ஆர்விட்.

மாரிட் சிரித்தாள். நாற்பத்து நான்கு வயது. நகரத்து வேலையை விட்டுவிட்டு, செப்டம்பரில்தான் பெற்றோரிடம் திரும்பி வந்திருந்தாள். அவளும் காதுவரை தொப்பியை இழுத்துவிட்டு, இரண்டு கம்பளிக்குள் ஒடுங்கியிருந்தாள்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு சின்ன மின் ஹீட்டர். அம்மா லெனோர் அதைக் கிழவர் பக்கம் வைக்காமல், மகளின் காலடிக்கே நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு செல்லமா என்று நினைத்துக்கொண்டான் கர்ட்டிஸ்.

புதிதுதான் போட வேண்டும் என்பதில் மாரிட் அசையவே இல்லை. சூட்டைக் கூட்டிக் குறைக்கச் சுவரில் மாட்டும் தெர்மோஸ்டாட்டில், அம்மா கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி எண்கள் பெரிதாக இருக்க வேண்டும் என்றாள். செல்போனில் இயக்குவதெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு திருகு குமிழ் போதும். ஃபில்டரை மாற்ற அப்பா குனியக் கூடாது.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாலும் கர்ட்டிஸுக்கு மனது கசந்தது. கிழவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர். எத்தனை நாள் மிச்சம் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. நாளைக்குத் தன் கைக்கு வரப்போகிற வீட்டை இவள் இன்றைக்கே அவர் பணத்தில் புதுப்பித்துக்கொள்கிறாள். இது அவன் பல வீடுகளில் பார்த்த சங்கதிதான்.

“மூணு நாள் இந்தக் குளிர்ல எப்படிம்மா?” ஆர்விட்டின் குரல் இறங்கிவிட்டது. “எனக்கு இன்னிக்கே வீடு சூடாகணும். அது ஒண்ணுதான் கேக்கறேன்.”

கர்ட்டிஸ் இன்னும் இரண்டு ஹீட்டர் இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்றாள் மாரிட். “மூணே நாள்தானேப்பா.”

“மூணு நாளும் நாள்தானேம்மா,” என்றார் அவர்.

மனைவியைப் பார்த்தார். லெனோர் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். அவளோ பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி, கழுவிவைத்த கோப்பையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

கர்ட்டிஸ் நீட்டிய ஒப்பந்தத் தாளை இழுத்து வைத்துக்கொண்டு ஆர்விட் பேனாவை எடுத்தார். கையெழுத்து கோட்டைத் தாண்டி ஓடியது. போட்டு முடித்த பிறகும் பேனாவைக் கீழே வைக்கத் தோன்றாமல், அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வழிப்பறிக்குத் துணைபோனவன் மாதிரி கர்ட்டிஸ் தலையைக் குனிந்துகொண்டு தன் பெட்டியைப் பூட்டினான்.

மாரிட் சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை கூடவே வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டாள். ஒவ்வொரு அக்டோபரிலும் அவனே வந்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் போக வேண்டுமாம். அப்பா அம்மா இரண்டு பேருமே எதற்கும் யாரையும் கூப்பிடத் தெரியாதவர்கள், குளிரில் நடுங்கினாலும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்றாள்.

கர்ட்டிஸால் அதற்குமேல் அடக்கிக்கொள்ள முடியவில்லை. “அவங்க எதுக்கு மேடம் கூப்பிடணும்? வீடு எப்படியும் உங்க கைக்குத்தானே வரப்போகுது. அக்டோபர்ல நீங்களே ஒரு போன் பண்ணுங்க, வந்துடறேன்.”

அவள் கோபப்படவில்லை. கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரியில எனக்கு மே மாசம் வரைக்கும்தான் சொல்லியிருக்காங்க.”