அப்பா வழி

"பொண்ணுக்கா, உங்களுக்கா?"

கேட்ட பிறகுதான் தையல்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மனநலப் பிரிவின் வாசலில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவர் முகம் சுளிக்கவில்லை. மகள் பரிசு வாங்கப்போகிற மேடைக்கு முன்னால் இடம்பிடித்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை வருஷமா எனக்காக வந்தோம்மா. இன்னிக்குத்தான் பொண்ணுக்காக வந்திருக்கேன்."

மகள் அவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இஸ்திரி மடிப்பு கலையாத சுடிதார். கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தவள், பயமாக இருக்கிறது என்று அப்பாவிடம் முணுமுணுத்தாள்.

"கதவைத் தாண்டற வரைக்கும்தான். உள்ள போயிட்டா எல்லாம் சரியாயிடும். நான் வெளியதான இருக்கேன்" என்று அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அதற்குள் நர்ஸ் எட்டிப் பார்த்து, "உன்னைத்தான் கேட்டாங்க, வாம்மா" என்றாள். அந்தப் பெண் அப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தையல்காரியின் மறுபக்கம் அவள் கணவர். அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் ஓட்டுபவர். கொஞ்ச நாளாக ஆளில்லாத அறையிலும் உடன் வேலை பார்ப்பவர்கள் தன்னைப் பற்றிப் பேசுவது அவருக்குக் கேட்டது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், அதோடு உட்கார்ந்து பேசவும் ஒருவர் வேண்டும் என்று இங்கே அனுப்பியிருந்தார். "பேசித் தீக்கறதுக்கு இதென்ன பங்காளிச் சண்டையா?" என்று முரண்டு பிடித்தவரைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் கூட்டி வந்திருந்தாள். வந்தது முதல் குனிந்த தலை நிமிரவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரர் தன் கதையைச் சொன்னார். லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் கூண்டின் மேல் நின்று வேலை செய்தபோது மேல்மாடியிலிருந்து யாரோ திட்டினார்கள். ஏறிப் போய்ப் பார்த்தால் ஈ காக்கை இல்லை. அந்தக் குரல் பிறகு வீடு வரைக்கும் கூடவே வந்தது. ஜன்னலுக்கெல்லாம் அட்டை ஒட்டி, உள்ளேயே அடைந்து கிடந்தார். சொந்தக்காரர்கள் பேய் என்றார்கள், குடி என்றார்கள். மனைவிதான் யார் பேச்சுக்கும் காது கொடுக்காமல் இங்கே அழைத்து வந்தார். நாளானது. ஆனால் தேறினார், பழைய வேலைக்கே திரும்பவும் போனார்.

"பொண்ணுக்கு எப்ப ஆரம்பிச்சது?" தையல்காரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பள்ளிக்கூடம் போறப்பவே. ஒரு நாள் பக்கத்துல வந்து உக்காந்து, 'உங்களுக்குக் கேக்கற குரல் எனக்கு ஏன்ப்பா கேக்கல?'ன்னு கேட்டா. அதுதான் ஆரம்பம். அதுக்கப்புறம் அவளுக்கு வேற நினைப்பே கிடையாது. சாப்பிடக் கூப்பிட்டாக்கூடக் காதுல விழாது."

தையல்காரி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி இருந்தாள். அப்பாவுக்கு வந்தது பிள்ளைக்கும் வருமா? டாக்டரிடம் கேட்க வாய் வராமல் அவள் நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த கேள்வி அது.

அந்தப் பெண்ணின் அம்மா எப்படித் தாங்கிக்கொள்கிறார் என்று விசாரித்தாள். காலையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள் என்றார் மெக்கானிக். பிறகு, "எனக்கு வந்ததாலதாம்மா பொண்ணு இங்க வந்திருக்கா. இல்லன்னா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்திருக்க மாட்டா" என்றார். சொல்லும்போது அவர் முகமெல்லாம் சிரிப்பு. மனிதருக்கு இன்னும் முழுதாகத் தெளியவில்லையோ என்று தையல்காரிக்குச் சந்தேகம் வந்தது.

நர்ஸ் இவர்களை அழைத்தாள். கணவர் நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தையல்காரி தோளைத் தொட்டும் அசையவில்லை.

"போங்க தம்பி" என்றார் மெக்கானிக். "முதல் நாள் நானும் இப்படித்தான் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நாற்காலி எங்கயும் போயிடாது. போயிட்டு வாங்க."

கணவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்தார்.

அறைக்குள் அந்தப் பெண் மட்டும்தான் இருந்தாள். தையல்காரி சட்டென்று பின்வாங்கி, "உனக்கு இன்னும் முடியலையாம்மா? நாங்க வெளியில நிக்கறோம்" என்றாள்.

"இப்பதாங்க ஆரம்பமே, உள்ள வாங்க" என்று அவள் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள். "உளவியல் படிச்சு முடிச்சுட்டு இன்னிக்குத்தான் இங்க வேலைக்குச் சேந்திருக்கேன். முதல்ல பாக்கப்போறது உங்களைத்தான். வெளியில அப்பா எல்லாத்தையும் சொல்லியிருப்பாரே."

கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எங்க வீட்டுலயும் ஒரு பொண்ணு இருக்காம்மா" என்று நிமிர்ந்த தலையோடு பேச ஆரம்பித்தார்.