பொதுக் கோப்பு

அருளப்பன் தன் மூளைச் சிப்பிலிருந்து ஒரு பழைய விளையாட்டை நீக்கினான். “இதிலுள்ள கோப்பை மற்ற வேலைகளும் பயன்படுத்துகின்றன. அழிக்கலாமா?” என்று சிப் கேட்டது. காதில் வாங்காமலேயே சரி என்றான். அந்தக் கோப்போடு அவனுடைய அருவருப்பு உணர்வும் போய்விட்டது.

மதியம் புழு நெளியும் மீன்குழம்பை அவன் வழித்துத் தின்றபோது மனைவி ஸ்டெல்லாவுக்குக் குமட்டியது.

“சீ, துப்பித் தொலைங்க! காலையில அழிச்சேன்னு சொன்னீங்களே, அந்தக் கோப்பைத் திரும்பப் போடுங்க.”

“‘கோப்பைக் காணோம்’னு சிப்பும் காலையிலேர்ந்து கத்துது. கத்தட்டும், நல்லாத்தானே இருக்கு?” என்றவன், தீயில் வெந்து சுருங்கிய அவள் கன்னத்தில் ஆசையாக முத்தமிட்டான். விபத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே திரும்பாதவன்.

அந்தக் கோப்பு இத்தனை வருஷமும் வேறு எதற்கெல்லாம் வேலை செய்தது என்று அவளுக்குப் புரிந்தது. குழம்பைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கன்னத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.